ரெண்டு ரெசிஸ்டரை ஒன்றாக்கும் புத்திசாலிகளுக்கு

இந்த மாதத்தில் இது மூன்றாவது போர்டு. வாஷிங் மெஷின் பவர் சப்ளை. வேறு எங்கோ ஒருமுறை ரிப்பேர் பண்ணி வாங்கியிருக்கிறார்கள், இரண்டே வாரத்தில் மறுபடி டெட். ஐசியை மாற்றியும் எழுந்திருக்காமல் என் மேசைக்கு வந்தது. லென்ஸுக்கு அடியில் வைத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்டார்ட்அப் வரிசையில், அதாவது ஐசி ஓட ஆரம்பிக்க முதல் கரண்ட் கொடுக்கும் இடத்தில், 474 (470 கிலோ ஓம்) என்று எழுதிய 1206 சைஸ் சிப் ரெசிஸ்டர்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஒன்றின் இடத்தில் 105 (1 மெகா ஓம்) என்று அதைவிடச் சின்ன சைஸான ஒரு குட்டி 0805, பேடுக்கு எட்டாமல் ஈயத்தை இழுத்து ஒட்டியிருந்தது. இன்னொன்றின் இடத்தில் கம்பித் துண்டு.

கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "470 கிலோ ஓம் ரெண்டு சேர்ந்தா 940. ஒரு மெகா ஓம் போட்டா சரிதானே சார்?"

வாட் கணக்கிலும் தப்பில்லை, அதுதான் எரிச்சல். 230 வோல்ட் ஏசி, ரெக்டிஃபையருக்கு அப்புறம் சுமார் 325 வோல்ட் டிசி. 1 மெகா ஓமில் அது 0.106 வாட். சாதாரண 0805 தாங்குவது 0.125 வாட். பாஸ்! ஆனால் டேட்டாஷீட்டில் வாட்டுக்குப் பக்கத்திலேயே அதிகபட்ச வோல்ட்டேஜ் என்று ஒரு எண் இருக்கிறதே, அதை ஏன் யாருமே படிப்பதில்லை? சாதாரண திக் ஃபிலிம் 0805-க்கு 150 வோல்ட், 1206-க்கு 200. வாட் எவ்வளவு மிச்சமிருந்தாலும் இதைத் தாண்டக் கூடாது. 0805-இல் 180 கிலோ ஓமுக்கு மேல் போனாலே வாட்டுக்கு முன்னால் வோல்ட்டேஜ் எல்லை வந்துவிடும். ஒரிஜினல் போர்டில் ஆளுக்கு 163 வோல்ட்டாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பைசா மிச்சம் பிடிக்கிற கம்பெனிக்காரன் ரெண்டாவது ரெசிஸ்டரை அழகுக்கா வைத்தான்?

மிஞ்சின வோல்ட்டேஜில் இது புகைந்து காட்டாது. மதிப்பு நகர்ந்துகொண்டே போய் ஒருநாள் உள்ளே பாதை அறுந்து ஓபன் ஆகும். மேலே கண்ணாடிப் பூச்சு புதுசு போலவே இருக்கும்.

ஆகவே, அதே மதிப்பு, அதே சைஸ், அதே எண்ணிக்கை. 1206 கையில் இல்லையென்றால் வாங்கி வரும்வரை போர்டு காத்திருக்கட்டும். ஐசியைக் கழற்றும் முன் ரெசிஸ்டரை மீட்டரில் பாருங்கள். போர்டில் இருக்கும்போது பக்கத்துப் பாதைகளால் ரீடிங் குறையலாம். எழுதியிருப்பதைவிட நன்றாகக் கூடிக் காட்டி அங்கேயே நின்றால் ரெசிஸ்டர் போய்விட்டது. (கரண்ட் மிஞ்சினால் ஃபியூஸ் போல அறுந்து காப்பாற்றும் ஃபியூசிபிள் ரெசிஸ்டர் இடத்தில் 0 ஓம் ஜம்பர் வைப்பவர்களோடு நான் பேசுவதாக இல்லை.)

அப்புறம் ஒன்று, இதைத் திட்டாமல் கெஞ்சியே கேட்கிறேன். ஸ்டார்ட்அப் ஓபன் ஆன போர்டில் ஐசி ஓடாது. அதனால் பெரிய கெபாசிட்டரில் உள்ள சார்ஜ் சீக்கிரம் வடியாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ண வேண்டாம். ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் கம்பிகளை வைத்து வடியவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.