மருந்தியக்கவியலா, மருந்தோட்டவியலா?

தம்பலகாமத்தில் இருந்து திருகோணமலைக்கு கிளினிக் வரும் அம்மா ஒருவர், மருந்துத் துண்டை என் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, காலமையும் பின்னேரமும் ஒரே சீனிக் குளிசைதானே. ரெண்டையும் ஒண்டாப் போட்டா என்ன?"

அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவென்றே மருந்தியலில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது: பார்மகோகைனெற்றிக்ஸ். வாய்க்குள் போன மருந்து எவ்வளவு வேகமாக இரத்தத்தில் சேர்கிறது, எங்கெங்கே போகிறது, எப்போது வெளியேறுகிறது என்று கணக்குப் பார்க்கும் படிப்பு அது.

பெயர் கிரேக்கத்தில் இருந்து வந்தது. பார்மகோன் என்றால் மருந்து. நஞ்சுக்கும் அதே சொல்தான். கினேசிஸ் என்றால் அசைவு. இரண்டையும் சேர்த்து இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரீட்ரிக் ஹார்ட்முட் டோஸ்ட் என்ற ஜெர்மன் குழந்தை மருத்துவர். இரத்தத்தில் மருந்தின் அளவு பற்றி அவர் எழுதிய நூல் 1953இல் வெளிவந்தது. இதற்கு உடன்பிறப்பான சொல் பார்மகோடைனமிக்ஸ். அதில் உள்ள டுனாமிஸ் என்பதற்கு ஆற்றல் என்று பொருள். குளிசையை உடல் என்ன செய்கிறது என்பது முதலாவது. உடலைக் குளிசை என்ன செய்கிறது என்பது மற்றது.

தமிழில் முதலாவதை மருந்தியக்கவியல் என்கிறார்கள். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. 'இயக்கம்' என்றால் நகர்வதும்தான், தொழிற்படுவதும்தான். பௌதிகவியலில் டைனமிக்ஸையே இயக்கவியல் என்று படித்த பிள்ளை, மருந்தியக்கவியல் என்றதும் எதை நினைக்கும்? பிரித்துக் காட்ட வேண்டிய இரண்டையும் இந்தச் சொல் ஒன்றாக்கிவிடுகிறது. இரத்த ஓட்டம், நீரோட்டம் என்று எல்லோருக்கும் தெரிந்த 'ஓட்டம்' இருக்கிறதே. மருந்தோட்டவியல் என்றும், மற்றதை மருந்துவினையியல் என்றும் வைத்தால் சொல்லைக் கேட்டவுடனே வேறுபாடு விளங்கும்.

அந்த ஓட்டத்தை நான்கு கட்டங்களாகப் பிரிப்பார்கள். உறிஞ்சல், பரம்பல், அனுசேபம், கழிவகற்றல். அனுசேபம் நம் பாடநூல்களில் ஊன்றிய சொல். தமிழ்நாட்டில் வளர்சிதைமாற்றம் என்பார்கள். மருந்துகளைப் பெரும்பாலும் ஈரல்தான் மாற்றுகிறது. நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையை விழுங்கக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான். விழுங்கினால் அது குடலில் இருந்து நேரே ஈரலுக்குப் போய், அங்கேயே பெரும்பகுதி செயலிழந்துவிடும். நாக்கின் கீழுள்ள நாளங்கள் ஈரலுக்குப் போகாமலே அதை இரத்தத்தில் சேர்த்துவிடும்.

கடைசிக் கட்டத்துக்கு நம்மிடம் ஒரு பழஞ்சொல்லே இருக்கிறது: அறுதல். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் "அற்றால் அளவறிந்து உண்க" என்று வருகிறது. முன்னர் உண்டது முழுக்கச் செரித்துத் தீர்ந்த பிறகே உண் என்பது பொருள். இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறையும் நேரத்தை அரைவாழ்வுக்காலம் என்று எழுதும்போதெல்லாம், 'பாதி அறும் நேரம்' என்றிருந்தால் கிளினிக் வரிசையில் நிற்பவருக்கும் விளங்குமே என்று நினைப்பேன். ஆனால் சோற்றுக்குச் சொன்ன விதி குளிசைக்குப் பொருந்தாது. நாள்தோறும் போடும் குளிசையில் முந்தியது முழுதும் அறுமுன் அடுத்தது போய்ச் சேர வேண்டும். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபினுக்கு இந்த நேரம் 30 முதல் 50 மணி. ஒரு நாளைக்கு ஒன்று போதும். கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் அமொக்சிசிலினுக்கு ஒரு மணியளவுதான். அதனால்தான் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்.

எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் கிடைத்துத்தான் ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணம் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த மருத்துவர் சாமுவேல் கிறீன், வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். அது 1875இல் வெளிவந்தது. வேற்றுச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய வாங்கியதும் நல்ல வேலைதான்.

அம்மாவின் துண்டில் இருந்தது சாதாரண மெற்போர்மின். அதற்குப் பாதி அறும் நேரம் ஏறத்தாழ 6 மணி. இரண்டை ஒன்றாகப் போட்டால் குடல் இரண்டு மடங்காக உறிஞ்சாது, வயிற்றுப்போக்குத்தான் கூடும். "காலமை ரெண்டையும் போட்டா ராவைக்கு மருந்து நல்லாக் குறைஞ்சு போயிடும் அம்மா. சாப்பாட்டோட ஒண்டு ஒண்டாப் போடுங்கோ" என்றேன்.

"அப்ப ஏன் ரத்தம் எடுத்து சிறுநீரகத்தைப் பாக்கினம்? எனக்குச் சீனிதானே?" என்று அடுத்த கேள்வி வந்தது. இந்தக் குளிசையை ஈரல் மாற்றுவதில்லை. போன உருவத்திலேயே சிறுநீருடன் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் வெளியேற வேண்டியது உள்ளேயே சேர்ந்து நின்றுவிடும். அப்போது டொக்டர் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். இதையும் சொல்லி, அடுத்த கிளினிக் திகதியைத் துண்டின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.