வெட்டினால் பூக்கும் குண்டுமல்லி

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வீட்டில், துளசிக்கு அடுத்தபடியாகத் தொட்டியில் இடம்பெறுவது குண்டுமல்லிதான். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பதியன் இலையடர்ந்து செழித்திருந்தும் மொட்டு வைக்கவில்லையே என்ற வருத்தத்தை அல்சூர்ப் பக்கத்து வீடுகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அதற்குக் காரணம், வளர்த்த கையால் செடியை வெட்ட மனம் வராததே.

மல்லிகையின் மொட்டுக் கொத்து, புதிதாகத் துளிர்க்கும் இளங்கிளையின் நுனியில்தான் உருவாகிறது. எனவே துளிர் பெருகினால்தான் பூவும் பெருகும். ஆனால் கிளையின் நுனி, தான் இருக்கும்வரை, கீழேயுள்ள இலைக்கோண மொட்டுகளை, அதாவது இலை தண்டோடு சேரும் இடத்தில் உறங்கும் துளிர்மொட்டுகளை, எளிதில் வளரவிடாது. நுனியில் சுரந்து தண்டின் வழியே இறங்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் அவற்றை அடக்கிவைக்கிறது என்பதை, 1933இல் திமன், ஸ்கூக் என்னும் தாவர ஆய்வாளர்கள் இருவரும் அவரை இனச் செடியொன்றில் காட்டினர். நுனியை வெட்டியதும், அதுவரை அது இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை கோணமொட்டுகளுக்குத் திரும்புவதே அவை விழித்தெழுவதற்கான முதல் தூண்டுதல் என்று 2014இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு கூறியது. ஒரு கிளையை வெட்டிய இடத்தில் இரண்டு மூன்று துளிர்கள் கிளம்புவதன் பின்னணி இதுதான்.

தமிழ்நாட்டில் நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் கிளைகளை வெட்டிவிடுவது, அதாவது கவாத்து செய்வது, வழக்கம். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரிலோ டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 15 அல்லது 16 டிகிரிக்கு இறங்கிவிடுவதால், அப்போது வெட்டிய செடி துளிர்க்கத் தயங்குகிறது. ஆகவே பொங்கல் கழிந்தபின் வெட்டுவதே இங்கு நல்லது என்பது என் அனுபவம். தொட்டிச் செடிக்கு ஒரு முழ உயரம் விட்டால் போதும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். யூரியாவை மிகுதியாக இட்டால் இலைதான் பெருகும்.

இந்நகரத்துக்கே உரிய இன்னொரு தொல்லை போர்வெல் நீர். அதன் கடினத்தன்மையால் தொட்டி மண் நாளடைவில் காரத்தன்மை (அமிலத்தன்மைக்கு எதிரானது) அடைந்துவிட, மண்ணில் இரும்பு இருந்தும் அது கரையாமல் போவதால், வேர் அதை உறிஞ்ச முடிவதில்லை. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இளம் இலை மஞ்சளாவது இதன் அடையாளம். பலரும் இதைத் தண்ணீர்க் குறைவு என்றெண்ணி அதே நீரை மேலும் ஊற்றுவது வேதனையளிக்கிறது. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து மாலை வேளையில் இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். மழைநீர் கிடைத்தால் அதையே ஊற்றலாம்.

மாலையில் மலரவிருக்கும் முதிர்ந்த மொட்டுகளை விடியற்காலையில் பறிக்க வேண்டும். ஒரு கிளையில் பறிப்பு முடிந்ததும், நுனியிலிருந்து இரண்டு கணு கீழே கிள்ளிவிட்டால், அடுத்த சுற்றுத் துளிர்கள் அங்கிருந்தே கிளம்பும்.