செனட் கமிட்டிக்கு மனு போட்டால் டிக்கெட் பணம் திரும்ப வருமா?

நியூ ஜெர்சியில் இருக்கும் தெரிந்தவர் ஒருவர் நாலு பக்கக் கடிதம் ஒன்றைக் காட்டினார். சென்னையிலிருந்து அம்மா அப்பாவை வரவழைக்க ஏஜென்சி மூலம் டிக்கெட் எடுத்திருந்தார். விமானம் ரத்து. பணத்தைக் கேட்டால் ஒரு வவுச்சரை மின்னஞ்சலில் தள்ளிவிட்டார்கள். விமானக் கம்பெனி ஏஜென்சியைக் கேட்கச் சொன்னது, ஏஜென்சி விமானக் கம்பெனியைக் கேட்கச் சொன்னது. வெறுத்துப்போய் அவர் எழுதிய கடிதம் போன இடம், அமெரிக்க செனட்டின் வணிகம், அறிவியல், போக்குவரத்துக் கமிட்டி. "ஏர்லைன்ஸ் எல்லாம் இவங்க கையிலதானே?" என்றார்.

தாலுகா ஆபீஸ் இழுத்தடித்தால் முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு மனு போட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் தனிப்பிரிவில் மனுவுக்கு ஒரு எண்ணாவது கிடைக்கும். இந்தக் கமிட்டி தனிமனிதர் மனுவைத் தீர்த்துவைக்கும் இடமே அல்ல. பதில் வரும் வரும் என்று ஐந்து மாதம் இருந்தார். அதற்குள் அவருக்கு இருந்த நல்ல வழி ஒன்று அடைபட்டுப் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கமிட்டி என்ன செய்யும்? சட்ட வரைவுகளைப் பரிசீலிக்கும், ஹியரிங் (ஆட்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்கும் விசாரணை) நடத்தும், விமானத் துறை, நாசா, தொலைத்தொடர்பு ஆணையம் போன்றவற்றுக்கு அதிபர் பரிந்துரைக்கும் ஆட்களைக் கேள்வி கேட்டுத் தேர்வு செய்து அனுப்பும். 2025 ஜனவரியிலிருந்து டெக்சாஸின் டெட் குரூஸ் தலைவர், அதற்கு முன் வாஷிங்டன் மாநிலத்தின் மரியா கான்ட்வெல். இவ்வளவு தெரிந்தால் போதும். பேரில் போக்குவரத்து இருக்கிறதே என்று நெடுஞ்சாலை பற்றி எழுதிவிடாதீர்கள், அது சுற்றுச்சூழல் கமிட்டியில். நகர பஸ், மெட்ரோ வங்கிக் கமிட்டியில். ஏன் என்று கேட்காதீர்கள். எச்1பி விசா நீதித்துறைக் கமிட்டியில்.

இவர்கள் கடிகாரம் வேறு. 2022 டிசம்பரில் சவுத்வெஸ்ட் விமானங்கள் 16,900 ரத்தாகி மக்கள் விமான நிலையங்களில் படுத்துக் கிடந்தார்கள். கமிட்டி 2023 பிப்ரவரியில் அந்தக் கம்பெனியின் அதிகாரியை உட்காரவைத்துக் கேட்டது. பயணிகளின் ரீஃபண்ட் உரிமையை எழுதிவைத்த விமானச் சட்டம் கையெழுத்தானது 2024 மே 16. உங்கள் கிரெடிட் கார்டு பில் அத்தனை நாள் காத்திருக்காது.

சட்டம் வந்துவிட்டது, அது நமக்கு நல்லதுதான். அமெரிக்காவுக்குள் பறந்தாலும், அமெரிக்காவுக்கு வந்தாலும், அங்கிருந்து கிளம்பினாலும் பொருந்தும். இந்தியக் கம்பெனியோ வளைகுடாக் கம்பெனியோ, விதி அதுவே. விமானம் ரத்தானால், அல்லது உள்நாட்டுப் பயணத்தில் 3 மணி நேரம், வெளிநாட்டுப் பயணத்தில் 6 மணி நேரம் நகர்ந்து நீங்கள் போக மறுத்தால், பயன்படுத்தாத டிக்கெட்டின் பணம் எந்த வழியில் கட்டினீர்களோ அதே வழியில் திரும்ப வரவேண்டும். 'நான்-ரீஃபண்டபிள்' டிக்கெட்டுக்கும் இது உண்டு. கவுன்டரில் இல்லை என்பார்கள், நம்பாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாள், மற்ற வழியில் கட்டியிருந்தால் 20 நாள் கெடு.

கண்ணிகள் இங்கேதான் தொடங்குகின்றன.

மாற்று விமானத்தில் ஏறிவிட்டால் ரீஃபண்ட் இல்லை. எத்தனை மணி நேரம் தாமதமானாலும் சரி. ஐரோப்பாவில் தாமதத்துக்கு 250 முதல் 600 யூரோ வரை நஷ்டஈடு உண்டென்று யாராவது சொல்லியிருப்பார்கள். அமெரிக்கச் சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. நள்ளிரவில் அப்பா அம்மாவோடு நிற்கும்போது மாற்று விமானத்தை மறுக்க யாருக்கும் மனசு வராது என்பது கம்பெனிக்கும் தெரியும்.

வவுச்சர். மின்னஞ்சலில் தானாக வந்தால் நீங்கள் ஒத்துக்கொண்டதாக ஆகாது. அதிலுள்ள 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தினாலோ அந்த வவுச்சரில் ஒரு டிக்கெட் எடுத்தாலோ கதை முடிந்தது. அழுத்தாமல், "மாற்று விமானமும் வேண்டாம், வவுச்சரும் வேண்டாம், பணம் வேண்டும்" என்று எழுத்தில் அனுப்புங்கள். பணம் தானாக வரவேண்டும் என்பதுதான் விதி. ஆனால் போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

ஏஜென்சி. கார்டு ஸ்டேட்மென்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பணம் தரவேண்டியவர் அவர்தான். ஏஜென்சி பெயர் இருந்தால் விமானக் கம்பெனி வாசலில் நின்று பயனில்லை, அந்தப் பெயர் இருக்கும் ஸ்டேட்மென்டை ஏஜென்சிக்கே அனுப்பிக் கேளுங்கள். அப்போதும் 7 நாள் கணக்கு, ரத்தானதை விமானக் கம்பெனி உறுதி செய்த பிறகே தொடங்கும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் தங்கள் சேவைக் கட்டணத்தை ஏஜென்சி பிடித்துக்கொள்ளலாம். இதைப் போலவே, டிக்கெட் எடுத்த 24 மணி நேரத்துக்குள் இலவசமாக ரத்து செய்யும் உரிமை விமானக் கம்பெனியிடம் நேரடியாக எடுத்தவர்களுக்குத்தான், அதுவும் பயணத்துக்கு 7 நாளாவது முன்னால் எடுத்திருந்தால்.

அடுத்து, அந்த அடைபட்ட வழி. கிரெடிட் கார்டு கம்பெனியிடம் 'டிஸ்பியூட்' (இந்தத் தொகையை ஏற்கவில்லை என்ற ஆட்சேபணை) போட, அந்தத் தொகை வந்த ஸ்டேட்மென்டிலிருந்து 60 நாள் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையில் புகார் கொடுத்தால் அவர்கள் அதை விமானக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். கம்பெனி பதில் சொல்ல அவகாசம் எவ்வளவு தெரியுமா? அதுவும் 60 நாள். ஒன்று முடியட்டும், அடுத்ததைப் பார்க்கலாம் என்று இருந்தால் இரண்டாவது கதவு உங்கள் முகத்தில் சாத்தப்படும். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யுங்கள். பயணத்துக்கு ரொம்ப முன்னாலேயே டிக்கெட் எடுத்தவர்களுக்கு 60 நாள் தாண்டியிருந்தாலும் கார்டு கம்பெனியைக் கேட்டுப் பாருங்கள், சில கார்டுகள் பயணத் தேதியிலிருந்து எண்ணும்.

துறைப் புகாரில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்கள் வக்கீல் இல்லை. ஆனால் எண்ணோடு ஒரு புகார் பதிவாகிவிட்டால் கம்பெனியின் பதில் தொனி மாறும். மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர்) அலுவலகத்துக்குப் போனவர்கள் பலர் "இது மத்திய அரசு விவகாரம்" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறார்கள். 1978இல் வந்த விமானத் துறைச் சட்டம் மாநிலங்களின் கையைக் கட்டிவிட்டது.

துறையிலும் நகரவில்லை என்றால்தான் செனட்டர். கமிட்டித் தலைவர் இல்லை, உங்கள் மாநிலத்துச் செனட்டர். மாநிலத்துக்கு இரண்டு பேர், அவர்களோடு உங்கள் தொகுதிப் பிரதிநிதி ஒருவர். நியூ ஜெர்சிக்காரர் டெட் குரூஸுக்கு எழுதினால் படிவத்தில் ஜிப் கோடு கேட்கும் இடத்திலேயே தடுக்கி விழுவார். ஒவ்வொரு செனட்டருக்கும் மாநிலத்திலேயே அலுவலகம் உண்டு, அங்கே 'கேஸ்வொர்க்', அதாவது அரசுத் துறைகளில் மாட்டிக்கொண்ட தனிமனிதர் குறைகளைப் பார்க்கும் ஊழியர்கள் உண்டு. குடியுரிமை கேட்கமாட்டார்கள், அந்த மாநிலத்தில் வசித்தால் போதும். 'பிரைவசி ரிலீஸ்' படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தராமல் ஒரு அடி நகராது. அது இல்லாமல் அரசுத் துறை உங்கள் விவரத்தை அவர்களிடம் பேசாது. சென்னையில் இருக்கும் அப்பாவுக்கு இங்கே செனட்டர் கிடையாது. அதனால் பணம் யார் கார்டில் போனதோ அவர் பெயரில் கேளுங்கள். அவர்கள் விமானக் கம்பெனிக்கு உத்தரவு போட முடியாது. போக்குவரத்துத் துறையிடம் "இந்தப் புகார் எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்க முடியும். அதனால்தான் துறைப் புகார் எண் கையில் இல்லாமல் போகாதீர்கள், வெறுங்கையோடு திருப்பி அனுப்புவார்கள்.

கமிட்டியால் உபயோகமே இல்லையா என்றால், ஒன்று உண்டு. உங்கள் செனட்டர் அதில் உறுப்பினராக இருந்து விமானத் துறை ஹியரிங் வரப்போகிறது என்றால், அவர் அலுவலகத்துக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். சாட்சியிடம் எழுத்தில் கேள்வி கேட்கும் உரிமை உறுப்பினர்களுக்கு இருக்கிறது, அந்தக் கேள்விகள் எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும்.

நியூ ஜெர்சிக்காரரின் நாலு பக்கத்தை நாங்கள் உட்கார்ந்து சுருக்கினோம். விமான எண், ரத்தான தேதி, கட்டிய தொகை, வவுச்சரை மறுத்து எழுதிய தேதி, புகார் எண். ஐந்து வரி. கடைசி இரண்டையும் நிரப்ப அவரிடம் எதுவும் இல்லை. அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து வவுச்சர் மறுப்பு, துறைப் புகார் இரண்டையும் அனுப்பினார்.