டிக் வெல்டிங்: பெயரும் பொருளும்

மின்வில்லின் (ஆர்க்) சூட்டில் உலோகங்களை உருக்கி இணைக்கும் ஒரு முறை இது. சென்னைப் பட்டறைகளில் இதை 'ஆர்கான் வெல்டிங்' என்று சொல்வது வழக்கம். மெஷின் விற்கும் கடையிலோ 'டிக்'. இரண்டும் ஒன்றுதான்.

டங்ஸ்டன், இனர்ட், கேஸ் ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே 'டிக்'. டங்ஸ்டன் சுவீடன் நாட்டுச் சொல். 'கனமான கல்' என்று பொருள். இந்த உலோகம் 3,422 டிகிரி செல்சியசில்தான் உருகும். அதனால் கையில் பிடிக்கும் வெல்டிங் டார்ச்சின் முனையில் இருக்கும் டங்ஸ்டன் ஊசி மின்வில்லின் சூட்டிலும் கரையாது. இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் நிரப்புக் கம்பி தேவைப்பட்டால் மறு கையால்தான் ஊட்ட வேண்டும். 'இனர்ட்' என்றால் எதனோடும் வினைபுரியாதது. உருகும் உலோகத்தைக் காற்று தொடாமல் காப்பது அத்தகைய வாயுதான், பொதுவாக ஆர்கான். 1894-இல் ராலேயும் ராம்சேயும் கண்டறிந்த ஆர்கானுக்கு 'சோம்பேறி' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே பெயரானது. நம் பாடநூல்கள் சொல்லும் 'மந்த வாயு' அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரஸ்ஸல் மெரிடித் விமானத்துக்கான மக்னீசியத்தை இணைக்க இம்முறையை உருவாக்கியபோது பயன்படுத்தியது ஹீலியம் என்ற இன்னொரு மந்த வாயு. அப்போதைய பெயர் 'ஹீலியார்க்'.

வெல்டிங்குக்குத் தமிழில் 'பற்றவைப்பு'. பற்றிக்கொள்ளச் செய்வது, நெருப்பு மூட்டுவது என இரண்டு பொருளும் அதில் உண்டு. இந்த வேலைக்கு இரண்டுமே சரி. 'பற்றாசு' என்ற பழைய சொல் இங்கே ஒத்துவராது. அது இடையில் உருக்கி ஒட்டும் பொருள். இங்கே உருகிச் சேர்வது இரண்டு உலோகங்களும்தான். ஆக முழுப்பெயர் 'டங்ஸ்டன் மந்தவாயுப் பற்றவைப்பு'. 'ஆர்கான் வெல்டிங்' கொஞ்சம் தளர்வான பெயர். கம்பியை மெஷினே ஊட்டும் 'மிக்' என்ற வேறு வெல்டிங் முறையிலும் ஆர்கான் வரும். பேச்சுக்கு 'டங்ஸ்டன் பற்றவைப்பு' போதும் என்பேன்.

வீட்டுக்கு முதல் மெஷின் வாங்குபவருக்கு ஒன்று: மெஷின் தருவது ஏசி (மாறுதிசை மின்னோட்டம்) தானா, டிசி (நேர்திசை மின்னோட்டம்) தானா என்று 'டிக்' என்ற பெயர் சொல்லாது. இரும்பு, எவர்சில்வருக்கு டிசி போதும். அலுமினியத்துக்கு ஏசி வேண்டும். அந்த உலோகம் 660 டிகிரியில் உருகும், மேலே படிந்த ஆக்சைடு தோலோ 2,000-ஐத் தாண்டியும் உருகாது. அதை உடைப்பது ஏசி. அலுமினியம் வேண்டாம் என்றால் ஏசி வசதிக்கான கூடுதல் காசு மிச்சம். இரும்பில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 40 ஆம்பியர் என்று கணக்கு வைத்தால், 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு 120. சிங்கிள் ஃபேஸில் ஓடும் 160 முதல் 200 ஆம்பியர் மெஷின் தாராளம். அப்புறம், மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வேலை. காற்றடித்தால் ஆர்கான் கலைந்து இணைப்பில் துளை விழும். சென்னை மே மாதத்தில் அது சிரமம்தான்.