கர்ப்பப்பை இறக்க அறுவைக்கு முதல்வர் காப்பீடு: படுக்கையில் சேருமுன் பார்க்க வேண்டியவை

அடி இறக்கம் என்று ஊரில் சொல்லும் கர்ப்பப்பை இறக்கத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் கட்டணமின்றி அறுவை செய்துகொள்ளலாம். 2018 முதல் இத்திட்டம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கிடைக்கும். அது குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. பத்து வருடமாக வெளியே சொல்லாமல் மறைத்த இறக்கமென்றாலும் தகுதி போகாது.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான். மருமகளின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கும். மாமியாருக்கு ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொன்று. இதைச் சரிசெய்த பிறகு அறுவைக்குத் தேதி வாங்குங்கள்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டுமே அட்டை செல்லும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் அதில் உண்டு. தனியார் என்றால், மகளிர் அறுவைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று 1800 425 3993-ல் கேளுங்கள்.

அறுவைக்கு முன் மருத்துவமனை இணையவழியில் அனுமதி கேட்கும். அதற்குப் போகும் குறிப்பில் ‘இறக்கம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. 1 முதல் 4 வரை எந்த நிலை, பிறப்புறுப்பின் முன்சுவரோடு சிறுநீர்ப்பையும் பின்சுவரோடு மலக்குடலும் இறங்கியிருக்கின்றனவா, எந்த அறுவை என்பதெல்லாம் இருக்க வேண்டும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டு, தளர்ந்த சுவர்களையும் தாங்குதசையையும் சரிசெய்யாமல் விட்டால் மீண்டும் இறங்க வாய்ப்புண்டு. ஆகவே இரண்டுக்கும் சேர்த்து அனுமதி கேட்டார்களா என்று விசாரியுங்கள்.

எல்லோருக்கும் கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டும் என்றில்லை. குழந்தை வேண்டுமென்கிற இளம் பெண்களுக்கு அதை மேலே இழுத்துக் கட்டும் முறைகள் உண்டு. அவற்றில் சில, மும்பை மருத்துவர்கள் ஷிரோத்கர், புரந்தரே ஆகியோர் பெயரில் வழங்குபவை. காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையின்றிக் கர்ப்பப்பை எடுத்ததாகப் பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானிலிருந்து வந்த புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. இதைத் தடுக்கும் மத்திய அரசு வழிகாட்டுதலை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என 2023-ல் தீர்ப்பு வந்தது. 40 வயதுக்குட்பட்டவருக்கு எடுக்கச் சொன்னால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

அனுமதி வந்தும் தேதி தள்ளிப்போவதற்கு மூன்று காரணங்கள்: ரத்தசோகை, கட்டுப்படாத சர்க்கரை, வெளித்தள்ளிய இடத்தில் புண். புண்ணை, இறங்கியதை உள்ளே தள்ளி மருந்துத் துணி வைத்து ஆற்றிய பிறகே அறுவை செய்வார்கள். நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் இருந்தால் அவற்றையும் முன்பே கவனியுங்கள். தையலைத் தளர்த்துவதே அவைதான்.

அனுமதித்த அறுவைக்குத் தனியாகப் பணம் கேட்டால் அதே எண்ணில் புகார் செய்யலாம். வீடு திரும்பியதும் ஆறு வாரமாவது குடம் தூக்கக் கூடாது, தாம்பத்தியமும் கூடாது. சினைப்பையையும் எடுத்தார்களா என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.