25 ரூபாய்ப் பங்கும் ஓர் இலவசக் குடையும்

நவம்பர் 14 நெருங்கினால் ரோஜாப்பூ தேடுவோம், டிசம்பர் 11 வந்தால் தலைப்பாகையும் ஒட்டு மீசையும் தேடுவோம். மாறுவேடப் போட்டி முடிந்ததும் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். மறுநாள் அந்தப் பாரதியைக் கூப்பிட்டு, "பாரதி எந்தப் பத்திரிகையில் வேலை பார்த்தார்?" என்று கேட்டால் பையன் திருதிருவென்று முழிப்பான். மாறுவேடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு குஷி இருக்கிறது, மேடைக் கூச்சமும் போகும். ஆனால் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கும் அதுவேதான் தலைவர்கள் பாடம் என்றால் எங்கேயோ இடிக்கிறது.

நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிற எனக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரிகிறது. பிள்ளைகளிடம் பட்டப்பெயர்கள் நிறைய இருக்கின்றன: கப்பலோட்டிய தமிழன், கர்மவீரர், மூதறிஞர், அண்ணல். அந்த மனிதர் எந்த நெருக்கடியில் என்ன முடிவெடுத்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று கேட்டால் பதில் வராது. அதனால் ஒரு தலைவருக்கு ஒரே ஒரு முடிவு என்று எடுத்துக்கொண்டு, அதைப் பிள்ளைகளையே எடுக்கச் சொல்கிறேன்.

என் வகுப்பில் எப்போதும் களைகட்டுவது வ.உ.சி. பாடம்தான். செப்டம்பர் 5 என்றதும் எல்லாரும் டாக்டர் ராதாகிருஷ்ணனைச் சொல்வார்கள். ஒட்டப்பிடாரத்தில் 1872இல் வ.உ.சி. பிறந்ததும் அதே தேதிதான் என்று தொடங்குவேன். அப்புறம் நேராகக் கணக்கு. 1906இல் தூத்துக்குடியில் பதிவான சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய். அப்படியானால் எத்தனை பங்கு? 40,000 என்று ஐந்தாவது பெஞ்சிலிருந்துகூட பதில் வரும். "இந்த 40,000 பங்கை யாரிடம் விற்பீர்கள், என்ன சொல்லி விற்பீர்கள்?" என்றதும் வகுப்பே ஏலக்கடை ஆகிவிடும்.

பிறகு வகுப்பை மூன்றாகப் பிரிப்பேன். ஒரு குழு சுதேசிக் கம்பெனி. இன்னொன்று பிரிட்டிஷ் இந்தியா என்ற வெள்ளைக்காரர் கப்பல் கம்பெனி. மீதிப் பேர் கொழும்புக்குப் போக வேண்டிய பயணிகள். ஒவ்வொரு பயணியிடமும் ஒரு துண்டுச் சீட்டு, அதில் அவர் யார் என்று இருக்கும்: கூலி வேலைக்குப் போகிறவர், கருவாட்டு வியாபாரி, கைக்குழந்தைக்காரி. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைக்கிறது. சுதேசி எட்டணா என்கிறது (ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எட்டணா பெரிய தொகை என்று நினைத்துக்கொள்வார்கள்). எதிர்க் கம்பெனி விடவில்லை. டிக்கெட்டே இலவசம், கூடவே ஒரு குடை! இவை வரலாற்றில் நடந்ததாகச் சொல்லப்படும் போட்டியின் படிகளேதான், நான் சேர்த்தது எதுவும் இல்லை.

குடை என்றதும் பயணிகளில் பாதிப் பேர் அந்தப் பக்கம் தாவிவிடுவார்கள். இந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. "துரோகி" என்று ஒருவன் கத்துவான். கூலித் தொழிலாளி சீட்டு வைத்திருக்கிற பிள்ளை, "எனக்கு எட்டணா யார் தருவா?" என்று திருப்பிக் கேட்கும். அந்தச் சண்டைதான் பாடம். இலவசமாக ஓட்ட ஒரு கம்பெனியால் எப்படி முடிகிறது, எத்தனை மாதம் முடியும், அந்த நட்டத்தைத் தாங்க யாரிடம் பணம் இருக்கிறது என்று அவர்களே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். சுதேசியம் என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதுவது அதற்குப் பிறகுதான். கடைசியில் நடந்ததைச் சொல்வேன்: 1908இல் தூத்துக்குடி கோரல் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், கைது, 40 ஆண்டு தண்டனை, மேல்முறையீட்டில் குறைப்பு, கோவைச் சிறையில் செக்கு. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியே இல்லை. இதைக் கேட்டபின் வகுப்பு கொஞ்ச நேரம் பேசாது. உடனே அடுத்த பாடத்துக்குத் தாவிவிட வேண்டாம்.

இரண்டாவது, வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம். தண்டி யாத்திரை எல்லாருக்கும் தெரியும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். சுமார் 240 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு எவ்வளவு நடந்திருப்பார்கள் என்று வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தூரம் நம் பள்ளியிலிருந்து எந்த ஊர் வரைக்கும் என்று கேளுங்கள். சித்திரை வெயிலில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தச் செயல்பாட்டின் உயிர் நடந்தவர்களிடம் இல்லை, வழியில் இருந்தவர்களிடம் இருக்கிறது. நடந்து வருகிறவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். பிள்ளைகளுக்கு மறுபடியும் சீட்டு: நீ சத்திரக்காரர், நீ விவசாயி, நீ கான்ஸ்டபிள், நீ பள்ளி ஆசிரியர். இன்று இரவு நூறு பேர் உன் ஊருக்குப் பசியோடு வருகிறார்கள். என்ன செய்வாய்? ஐந்து வரி எழுது. எழுதி முடித்தபின், சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்ட மக்களைப் பற்றிச் சொல்லுங்கள். போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்த வேதாரண்யத்து வைரப்பனைப் பற்றியும் சொல்லுங்கள். தலைவர் பாடத்தில் முடிதிருத்துபவர் ஒருவரின் பெயர் வருவது பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

வீட்டுப்பாடமாகக் கொடுக்க எளிமையானது காமராசர். "பள்ளிக்கூடத்தில் மதியம் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று பாட்டி தாத்தாவிடம் கேட்டு வரச் சொன்னால் போதும். பால் பவுடர், கோதுமை உப்புமா என்று கதைகள் வந்து குவியும். அப்பா அம்மாவிடம் கேட்டால் சத்துணவும் முட்டையும் வரும். இப்போது தொடக்க வகுப்புப் பிள்ளைகள் காலையிலும் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி, 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று ஒரு காலக்கோடு சுவரில் தானாக வந்துவிடும். இதில் எந்தக் கட்சிக்குப் பெருமை என்று பேச ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். தட்டில் இருந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

இனிக் கொஞ்சம் கசப்பான விஷயம். நம் ஊரில் தலைவர்களின் பிறந்தநாளைச் சாதிவாரியாகப் பிரித்துக் கொண்டாடுகிறோம். பிள்ளைகள் அதைத் தெருவில் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார்கள். சாதி வெறியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் 2024 அறிக்கை கையில் கட்டும் சாதிக் கயிறு வரை பேசியிருக்கிறது. "உனக்குப் பிடித்த தலைவர் படத்தைக் கொண்டு வா" என்று சொல்வது சில ஊர்களில் வகுப்பை இரண்டாகக் கிழித்துவிடும். நான் குலுக்கல் முறைதான் வைத்திருக்கிறேன். முத்துலட்சுமி ரெட்டியோ அம்பேத்கரோ காயிதே மில்லத்தோ, கைக்கு வந்த பெயரைப் பற்றித்தான் அந்தக் குழு படிக்க வேண்டும். மாற்றிக்கொள்ள அனுமதி கிடையாது. முணுமுணுப்பு வரும், வரட்டும்.

பொன்மொழிச் சார்ட்டு ஒட்டுவதற்கு முன்னாலும் ஒரு சோதனை வையுங்கள். அப்துல் கலாம் சொன்னதாகச் சுற்றுகிற வாசகங்களுக்கு அளவே இல்லை. எந்த நூலில், எந்த ஆண்டில், எந்தக் கூட்டத்தில் சொன்னார் என்ற மூன்றில் ஒன்றுக்காவது பதில் கிடைக்காத வாசகம் சுவரேறக் கூடாது. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதில் ரொம்பக் கறார். தலைமையாசிரியர் அறையில் தொங்கிய ஒன்றையே கேள்வி கேட்டுவிட்டார்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். கப்பல் விளையாட்டுக்கு இரண்டு பாடவேளை, வேதாரண்யத்துக்கு ஒன்று. துண்டுச் சீட்டைத் தவிர வேறு செலவில்லை. வகுப்புத் தேர்வில் "வ.உ.சி. குறிப்பு வரைக" என்பதற்குப் பதிலாக, "டிக்கெட் இலவசம் என்று எதிர்க் கம்பெனி அறிவித்த அன்று இரவு வ.உ.சி. தன் பங்குதாரர்களுக்கு எழுதியிருக்கக்கூடிய கடிதத்தை எழுதுக" என்று கேளுங்கள். பத்து மதிப்பெண் கொடுங்கள். ஆண்டையும் இடத்தையும் சரியாக எழுதியதற்கு நான்கு, பணக்கணக்குச் சரியாக இருந்தால் மூன்று, மீதி மூன்று பங்குதாரர் மனம் மாறும்படி எழுதியதற்கு.