நெல் வேரில் தொடங்கும் பயணம்

அமிதாவ் கோஷ் 2019-இல் வெளியிட்ட ‘கன் ஐலண்ட்’ நாவலில், வங்காளத்தின் கழிமுகத் தீவுக்கூட்டமான சுந்தரவனத்து இளைஞர்கள் திப்புவும் ரஃபியும் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள். ரஃபி வெனிஸ் வரை போய்ச் சேர்கிறான். அந்தக் கதையின் பின்னணியில் ஐலா புயல் இருக்கிறது. ஆனால் புயல் ஒரு நாளில் கடந்துவிடும். அது வயலில் விட்டுப்போகும் உப்புதான் பல ஆண்டுகள் தங்கி, ஆட்களை ஊரிலிருந்து பெயர்க்கிறது.

2009 மே 25 அன்று ஐலா கரையைக் கடந்தபோது, தீவுகளைச் சுற்றியிருந்த மண் கரைகள் உடைந்து வயல்களில் உவர்நீர் புகுந்தது. ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால், மறுநாள் துண்டுகள் சுருங்கி நீர் விட்டிருக்கும். சவ்வூடுபரவல் என்று பள்ளியில் படித்தது இதுதான்: உப்பு மிகுந்த பக்கம் நோக்கி நீர் நகர்கிறது. மண்ணில் உப்பு ஏறினால் நெல் வேருக்கும் இதே கதிதான். முழங்கால் ஈரத்தில் நின்றபடியே பயிர் தாகத்தில் கருகும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நெல்லுக்கோ 2 கிராமைத் தாண்டினாலே விளைச்சல் சரியத் தொடங்கும்.

பயிரோடு மண்ணும் கெடுகிறது. உப்பிலுள்ள சோடியம் ஒட்டிக்கொண்ட களிமண் துகள்கள் பிரிந்து, நீர் இறங்கும் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. மழையில் சேறு, வெயிலில் பாறை. கோடையில் அடிமண்ணின் ஈரம் மேலேறி ஆவியாகும்போது, கூடவே வந்த உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

சுந்தரவனத்தில் ‘நோனா போக்ரா’ என்றொரு பழைய நெல் உண்டு. வங்காள மொழியில் ‘நோனா’ என்றால் உவர்ப்பானது. தண்டில் ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தை இழுத்துக்கொண்டு, இலைக்குப் போகாமல் தடுக்கும் மரபணு அதற்கு இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் பாயும் நாட்டில் இப்படியொரு நெல்லை யாரோ பெயர் தெரியாத உழவர்கள் காத்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பெரும் வியப்பு. ஐலாவுக்குப் பிறகு, கைவிட்டிருந்த இத்தகைய விதைகளை மக்கள் மீண்டும் தேடினார்கள்.

மழை உப்பைக் கழுவாதா? கழுவும். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்து வயல்கள் மீண்டதில் மழைக்கும், களிமண்ணிலிருந்து சோடியத்தை விலக்கும் ஜிப்சத்துக்கும் பங்குண்டு. ஆனால் கழுவிய நீர் வடிய வேண்டுமே! சுந்தரவனத்தில் பல வயல்கள் கடல் ஏற்றத்தின்போது ஆறு உயரும் மட்டத்தைவிடத் தாழ்வானவை. கடல் இறங்கி ஆற்றுநீர் தாழும் நேரத்தில்தான் மதகைத் திறக்க முடியும். கடல்மட்டம் உயர உயர அந்த நேரமும் சுருங்குகிறது. உப்பு கழுவிப் போகும்வரை காத்திருக்க முடியாதவர்கள் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கட்டட வேலைக்கு ரயில் ஏறினார்கள்.